குழந்தைகள் கண்ட முதற் காட்சி

ஆண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழு அன்பர்கள் கேட்டனர். சேர சோழ பாண்டியரைப் பற்றி எழுத நம் சங்கத்தில் வல்லார் பலர் உளர். நாம் அத்துறையில் புகத் துணியவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளை முதன்முதலாகச் சினிமாக் கொட்டகைக்கு அழைத்துச் சென்ற வரலாற்றை எழுதலாம் என்று எண்ணினோம். இதுவும் ஒரு வரலாறா என்று முகம் சுளிப்போர் சற்றே பொறுத்தருள வேண்டும். இந்நாட்டில் சினிமா பிறந்த கதையிலேயே கொட்டகைக்குப் போய் வந்த ஒரு சிறுவன் இருக்கிறான். அவன் போய் வந்தது வேறு எங்கும் அன்று. நாம் பிழைக்க வந்து குடியமர்ந்திருக்கும் இந்த மும்பை மாநகரில்தான்.

1896ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள், கோட்டைப் பகுதியில் உள்ள வாட்சன் ஓட்டலில், பிரெஞ்சு நாட்டு லூமியேர் சகோதரரின் ஆளான மாரியஸ் செஸ்தியே என்பவர் இந்தியாவின் முதற் சினிமாக் காட்சியை நடத்தினார். நுழைவுக் கட்டணம் ஒரு ரூபாய். அக்காலத்துக் கூலியாளுக்கு அது சில நாள் ஊதியம். காட்டப்பட்டவை ஆறு சிறு படங்கள். ஒவ்வொன்றும் ஒரு நிமிட அளவே ஓடும். ரயில் வண்டி நிலையத்துக்கு வருதல், தொழிலாளர் ஆலையினின்று வெளியேறுதல், கடலில் நீராடுதல் ஆகியவை அவற்றுட் சில. ஐரோப்பியர்க்கென எழுப்பிய அவ்விடுதிக்குள் நம்மவர் வீட்டுக் குழந்தை எதுவும் அன்று நுழைந்திராது என்று துணிந்து கூறலாம்.

ஆனால் ஒரு வாரம் கழித்துக் காட்சி நாவல்டி நாடகக் கொட்டகைக்கு மாறிற்று. அங்கே கட்டணம் நான்கணா முதல் இரண்டு ரூபாய் வரை. கோஷாப் பெண்டிருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் தனி அடைப்புகள் ஒதுக்கப்பட்டன. குடும்பத்தார் என்றால் குழந்தைகளும் அடக்கம் அன்றோ? அந்த அடைப்பின் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு, தாயின் தோள்மேலாக, ஓடி வரும் ரயிலைக் கண்டு விழித்த குழந்தை ஒன்று இருந்தே தீர வேண்டும். அதன் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. அவ்வாண்டு செப்டம்பரிலேயே பம்பாயில் பிளேக் நோய் தோன்றிவிட்டது; மக்கள் பிள்ளைகுட்டிகளுடன் ஊரை விட்டு ஓடலாயினர். சினிமாவை நினைக்க யாருக்கு நேரம்?

நிற்க. நாம் சொல்ல வந்த சிறுவனின் பெயர் பாலசந்திரன். 1910-11 அளவில் அவனுடைய தகப்பனார் அவனைக் கிர்காமில் இருந்த அமெரிக்கா-இந்தியா பிக்சர் பாலஸ் என்னும் கொட்டகைக்கு அழைத்துச் சென்றார். விலங்குகளைப் பற்றிய படம் ஒன்று அங்கே ஓடிற்று. பையன் வீடு திரும்பித் தாயிடம், துணியின்மேல் உயிருள்ள விலங்குகளைப் பார்த்தேன் என்றான். தாய் நம்பவில்லை, வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. பிள்ளை பொய் சொல்லவில்லை என்று மெய்ப்பிப்பதற்காகத் தகப்பனார் வீட்டார் அனைவரையும் கொட்டகைக்கு அழைத்துச் சென்றார். அன்று திரையில் ஓடியது இயேசு நாதரின் வாழ்க்கைப் படம். மீண்டும் அதனைக் காண மனைவியுடன் செல்கையில், வழிச் செலவுக்கே அண்டை வீட்டில் கைமாற்று வாங்கினார் என்று சொல்வர். திரையில் இயேசு நடக்கக் கண்ட அவர் உள்ளத்தில் இராமனும் கண்ணனும் நடக்கலாயினர். அந்தத் தகப்பனார் யார் என்று வாசகர் அறிந்திருப்பர். துண்டிராஜ் கோவிந்த பால்கே என்னும் தாதா சாகிப் பால்கேதான் அவர்.

அதன்பின் அவர் பட்ட பாடு பெரிது. ஆயுள் காப்புப் பத்திரத்தை அடகு வைத்தார். ஓயாது படம் பார்த்துக் கண் நோய்க்கு ஆளானார். 1912இல் லண்டன் சென்று காமிராவும் பிற கருவிகளும் வாங்கி வந்தார். பட்டாணி விதை முளைத்துக் கொடியாக வளர்வதைச் சிறிது சிறிதாகப் படம் பிடித்துக் காட்டிக் கடன் கொடுப்போரை இசைவித்தார். தாதர் மெயின் ரோட்டில் வீடு எடுத்து அங்கேயே படம் எடுக்கும் கூடம் அமைத்தார். அந்தச் சாலைக்கு இன்று அவர் பெயரே வழங்குகிறது. மாதுங்கா அன்பர்கள் காலை உலாவின்போது நடந்தே சென்று பார்த்துவிடக் கூடிய தொலைவு. மனைவி சரசுவதிபாய் இருட்டறையில் பிலிம் சுருளுக்குத் துளையிட்டார்; படச் சுருள்களைக் கழுவினார்; பணியாட்கள் அத்தனை பேருக்கும் சமைத்தும் போட்டார். அம்மையாரைப் பற்றித் தனி மலரே வெளியிடலாம்.

அரிச்சந்திரன் கதைக்கு லோகிதாசனாக நடிக்க ஒரு சிறுவன் வேண்டியிருந்தது. ஊரில் எந்தப் பெற்றோரும் தம் பிள்ளையை விடவில்லை. காட்டில் கரிய உடை உடுத்தி அலைய வேண்டும், அதற்கு மேல் பாம்பு கடித்துச் சாகவும் வேண்டும் என்றால் எந்தத் தாய் இசைவாள்? இறுதியில் பாலசந்திரனே லோகிதாசன் ஆனான். படப்பிடிப்பின்போது அவன் பாறையில் தலை மோதி மயங்கி வீழ்ந்தான் என்றும், மகன் நினைவற்றுக் கிடந்த அந்நிலையிலேயே இறந்த பிள்ளையின் காட்சியைத் தகப்பனார் எடுத்து முடித்தார் என்றும் கூறுவர். இதனைக் கலைப்பற்று என்று போற்றுவாரும் உண்டு. பிள்ளை பெற்ற நமக்கு நெஞ்சம் நடுங்குகிறது. 'ராஜா ஹரிச்சந்திரா' 1913 மே 3ஆம் நாள் கிர்காம் கொரனேஷன் கொட்டகையில் மக்களுக்குக் காட்டப்பட்டது. படம் பார்த்ததைச் சொல்லித் தாயின் நம்பிக்கையைப் பெறாத சிறுவனை, அத்தாயே திரையில் பார்க்க நேர்ந்தது இப்படித்தான்.

பால்கேயின் மகள் மந்தாகினியின் கதை இன்னும் இனியது. 1919இல் வந்த 'காளிய மர்த்தனம்' படத்தில் பாலகிருஷ்ணனாக நடித்தவள் அச்சிறுமியே. படத்தின் தொடக்கத்தில் அவள் முகம் மட்டும் திரையை நிறைத்து நிற்க, சிரிப்பும் சினமும் வியப்பும் ஒன்றன்பின் ஒன்றாக அதில் மாறி மாறித் தோன்றும். இதோ நம் வீட்டுச் சிறுமி, இவளே இனிக் கண்ணன் ஆகப் போகிறாள் என்று பார்ப்போருக்கு முன்னறிவித்துவிட்டுத்தான் தகப்பனார் கதையைத் தொடங்கினார். முதன்முறையாகக் கொட்டகைக்கு வந்த எத்தனையோ குழந்தைகளுக்கு அம்முகம் துணையாக இருந்திருக்கும். காலத்தால் அழியாது இப்படத்தின் பெரும் பகுதி தப்பிப் பிழைத்திருப்பது நம் நற்பேறு.

இனித் தமிழகத்துக்கு வருவோம். திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வரைவாளராக வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்பவர், 1905இல் தியூபோன் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில படங்களையும் விலைக்கு வாங்கினார். அவற்றுள்ளும் இயேசுவின் வாழ்க்கைப் படம் ஒன்று இருந்தது என்பது வியப்பான ஒற்றுமை. வேலையை விட்டுவிட்டு, கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றார். பின்னர் 1914இல் கோயமுத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான கொட்டகையை எழுப்பினார். அவர் வழியில் பலர் கூடாரம் தூக்கினர். ஊமைப் படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதையை உரக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். குழந்தைகளுக்கு அவரே அண்ணாவி, அவரே பாட்டி.

இந்தக் கூடாரக் கொட்டகைகளே தமிழ்க் குழந்தைகளுக்குச் சினிமாவைக் காட்டியவை. தரை, பெஞ்சு, நாற்காலி என்று மூன்று வகுப்புகள். பெண்கள் பக்கம் வேறு, ஆண்கள் பக்கம் வேறு. தரை டிக்கட்டு வாங்கியோர் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் அமர்வர். பின்னால் இருப்பவர் கூச்சலிட, மேடு மீண்டும் தரைமட்டமாகும். படம் காட்டும் கருவி ஒன்றே ஆதலால் சுருள் மாற்றும்போதெல்லாம் விளக்கு எரியும். முறுக்கும் சோடாவும் வரும். அழும் பிள்ளையை வெளியே கொண்டுபோய் வர அதுவே சமயம். கைக்குழந்தைக்குக் கட்டணம் இல்லை. மணல் தரையின் வேறொரு நன்மையைத் தாய்மார் அறிவர். அதனை ஈண்டு விரித்தல் வேண்டா. நம் பாட்டியார் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் நம் தகப்பனாரை இடுப்பில் வைத்துக்கொண்டு இப்படித்தான் படம் பார்த்தார். எந்தப் படம் என்று கேட்டால் அவருக்கு நினைவில்லை. பையன் முழுப் படமும் தூங்கினான் என்பது மட்டும் நினைவில் இருந்தது.

எல்லாரும் இப்படி எளிதாக அழைத்துச் செல்லவில்லை. கண் கெடும், படிப்புக் கெடும், குணம் கெடும் என்ற அச்சம் அன்றே இருந்தது. அரசாங்கத்துக்கும் அவ்வச்சம் உண்டு. 1918இல் சினிமாச் சட்டம் வந்தது. 1920இல் பம்பாய், கல்கத்தா, சென்னை, ரங்கூன் நகரங்களில் தணிக்கைக் குழுக்கள் அமைந்தன. 1927இல் சென்னை வழக்கறிஞர் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தனர். அக்குழு நாடெங்கும் சுற்றி 353 பேரிடம் வாய்மொழிச் சான்று கேட்டது. சிறுவர்களைப் படம் பார்க்க விடலாமா என்பதும் அவ்விசாரணையில் எழுந்த வினாக்களுள் ஒன்று. விடுதலைக்குப் பின் 1949இல் 'யூ' என்றும் 'ஏ' என்றும் படங்களைப் பிரித்தனர். 1983இல் 'யூஏ' வந்தது. 2023ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அதுவும் 7, 13, 16 என வயதுவாரியாக மூன்றாயிற்று. நெருப்பைப் பற்றிய அச்சமோ எந்தச் சான்றிதழாலும் தீர்வதன்று. 1997 ஜூன் 13ஆம் நாள் தில்லி உபகார் கொட்டகைத் தீயில் 59 பேர் மாண்டனர். அவர்களுள் சிறுவர் சிறுமியரும் இருந்தனர். அன்று முதல் எந்தக் கொட்டகையில் நுழைந்தாலும், இருக்கையைத் தேடும் முன் வெளியேறும் வாயிலைத் தேடுவது நமக்கு வழக்கமாயிற்று.

தமிழ் பேசும் படம் பிறந்ததும் இந்நகரத்திலேயே என்பதை நம் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு அடிக்கடி சொல்ல வேண்டும். 1931 மார்ச்சு 14ஆம் நாள் பம்பாய் மெஜஸ்டிக் கொட்டகையில் 'ஆலம் ஆரா' வெளிவந்தது. அதனை எடுத்த அர்தேஷிர் இரானியே, அதே கூடத்தில், எச். எம். ரெட்டி இயக்க 'காளிதாஸ்' படத்தை எடுத்தார். கதாநாயகி டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேசினார். கதாநாயகன் தெலுங்கில் மறுமொழி கூறினார். மாதுங்காவில் மாடி வீட்டாரும் கீழ் வீட்டாரும் பேசிக்கொள்வதும் ஏறக்குறைய இவ்வாறே என்பதால் நமக்கு இது விந்தையாகப் படவில்லை. அவ்வாண்டு அக்டோபர் 31ஆம் நாள் படம் சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியாயிற்று. படப்பெட்டி சென்னையில் வந்து இறங்கியபோது மக்கள் தேங்காய் உடைத்துச் சூடம் காட்டி அழைத்துச் சென்றனர் என்பர். திரையில் ஒலித்த முதல் தமிழ்ச் சொல், நம் தமிழர் பலர் குடியேறிய இந்தப் பம்பாயில் பதிவாகிச் சென்னைக்கு ரயிலில் போயிற்று.

இனி நம் சொந்தக் கதை. நமக்கு அப்போது ஐந்து வயது. 1957இல் வந்த 'மாயா பஜார்' அடுத்த ஆண்டு இங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சியாக ஓடிற்று. தென்னிந்தியப் படங்களுக்குப் பெயர் பெற்ற கிங்ஸ் சர்க்கிள் அரோராவைப் பற்றிப் பெரியவர்கள் பேசக் கேட்டிருந்தோமே அன்றி, எந்தக் கொட்டகையிலும் அதுவரை கால் வைத்ததில்லை. பாட்டியார் தடுத்தார். தகப்பனார், ஒரு முறைதான், பிள்ளை தமிழ் கேட்கட்டும் என்றார். அச்சொல்லின் பொருள் அன்று நமக்கு விளங்கவில்லை.

பிறந்தது முதல் நாம் அறிந்த தமிழ் எது? தாயார் பேசுவது, பாட்டியார் பேசுவது, எதிர்வீட்டு மாமா பேசுவது. படியிறங்கித் தெருவுக்கு வந்தால் மராத்தி, பஸ்ஸில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம். தமிழ் என்பது உறவினருக்குள் பேசிக்கொள்ளும் ஒரு வீட்டு வழக்கம், ஊறுகாய் போடுவதைப் போல, என்றே நாம் எண்ணியிருந்தோம். அன்று இருட்டில் எஸ். வி. ரங்காராவின் கடோற்கசன் கல்யாண விருந்து முழுவதையும் ஒருவனாக விழுங்கலானான். லட்டுகள் தாமாகப் பறந்து அவன் வாய்க்குள் போயின. கொட்டகை முழுவதும் ஒரே குரலாகச் சிரித்தது. நாம் திரையை விட்டுவிட்டு நாற்காலியில் ஏறி நின்று பின்புறம் திரும்பிப் பார்த்தோம். முன்பின் அறியாத முகங்கள். நம் உறவினர் எவரும் அல்லர். "அப்பா, இவங்க எல்லாருக்கும் நம்ம வீட்டுப் பேச்சு தெரியுமா?" என்று உரக்கக் கேட்டோம். முன் வரிசையில் இருந்தவர் திரும்பி, "தெரியும்டா தம்பி, நீ உட்காரு, மறைக்குது" என்றார். அயலார் ஒருவர் நம்மிடம் பேசிய முதல் தமிழ் அதுவே.

நம் தலைமுறையில் பலருக்கு இதுவே நிகழ்ந்தது என்பதைப் பின்னாளில் பேசிப் பார்த்து அறிந்தோம். செம்பூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர், முலுண்டிலிருந்து கட்டுச் சாதத்துடன் ரயிலில் வந்தவர், எல்லாருக்கும் முதற் படம் மறந்து போகிறது. முதற் கூட்டம் மறக்கவில்லை. இடைவேளையில் தமிழில் விலை கேட்டு வேர்க்கடலை வாங்கியதைச் சொல்லி ஒரு நண்பர் இன்றும் நெகிழ்வார். சங்கங்களும் சபைகளும் ஆற்றிய தொண்டு பெரிதுதான். எனினும் ஐந்து வயதுப் பிள்ளை சொற்பொழிவுக்கு வந்து உட்காராது.

1990இல் நம் மகளை முதற் படத்துக்கு அழைத்துச் சென்றோம். மணிரத்னத்தின் 'அஞ்சலி'. குழந்தைகள் நிறைந்த படம் என்று நம்பிச் சென்றது நம் பிழை. முடிவில் அந்தச் சிறு பெண் கண் திறக்கவில்லை. நம் மகள் வீடு வரும் வரை அழுதாள். இரவு முழுதும் நம் விரலை விடவில்லை. பிள்ளையை லோகிதாசனாக்க மறுத்த பழைய பம்பாய்த் தாய்மாரின் நியாயம் அன்று நமக்குத் தெளிவாயிற்று. ஆனால் அவளுக்கு ஒன்று வியப்பாக இல்லை: அயலார் தமிழ் பேசுவது. வீடியோ காசெட்டுகள் முன்னரே வீட்டுக்குள் வந்துவிட்டன. 1993இல் சன் தொலைக்காட்சியும் தொடங்கியபின், தமிழ் கேட்கக் கொட்டகைக்குப் போக வேண்டிய தேவையே இல்லாதாயிற்று. ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சிகளும் மெல்ல மெல்லக் குறைந்தன. பஸ் மாறிச் செல்லும் தொல்லை ஒழிந்தது என்று நாமும் மகிழ்ந்தவர்களே.

மகளின் மகளுக்கு இப்போது நான்கரை வயது. அவள் கைபேசியில் காணாத படம் இல்லை. நாம் தமிழில் கேட்டால் அவள் இந்தியில் விடை சொல்வாள்; புரியாமல் அன்று, அப்படியே பழகிவிட்டது. சென்ற டிசம்பரில் அங்காடி மாளிகை ஒன்றில் உள்ள கொட்டகைக்கு அவளை அழைத்துச் சென்றோம். ஓடியது ஒரு தமிழ்ப் படம். அடியில் ஆங்கில எழுத்துகள் ஓடின. இருட்டுக்கு அவள் அஞ்சவில்லை. நடுவில் வெளியே போக வேண்டும் என்றாள். படத்தை நிறுத்தி வைக்குமாறு நம்மிடம் சொன்னாள். நிறுத்த இயலாது என்றோம். அவள் நம்பவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது கதை வெகு தூரம் போயிருந்தது. தனக்காக ஒருவரும் காத்திருக்கவில்லை என்று கண்டு உதடு பிதுங்கிற்று.

அடுத்த இருக்கையில் நடுவயது அம்மாள் ஒருவர் தனியாக அமர்ந்திருந்தார். பேச்சைக் கேட்டால் நெல்லைப் பக்கம் என்று தோன்றிற்று. அவர் குனிந்து, "அழாத கண்ணு, ஒண்ணும் பெருசா நடக்கல, நான் சொல்லுதேன்" என்று, போன ஐந்து நிமிடக் கதையைக் காதோடு காதாகச் சொல்லலானார். குழந்தை வாய் திறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பின் நம் மடியிலிருந்து இறங்கி அவர் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, "அந்த நாய்க்குட்டி எங்க போச்சு பாட்டி?" என்று தமிழில் கேட்டாள்.